விரல்நுனி ரத்தமும் உடலின் வயதும்

விரல் நுனியில் சிறு ஊசியால் குத்தி, ஓரிரு சொட்டு ரத்தம் எடுத்து, வீட்டிலிருந்தபடியே உடல்நிலையை அறிந்துகொள்வதற்கான பரிசோதனைப் பெட்டிகள் மேல்நாடுகளில் பெருகி, இங்கும் விற்பனைக்கு வந்துகொண்டிருக்கின்றன. சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர் நமக்குப் பல ஆண்டுகளாகப் பழக்கமானதுதான். புதிதாக வருபவை அதற்கு ஒருபடி மேலே செல்கின்றன. கொழுப்பு, மூன்று மாதச் சர்க்கரை, உடலில் மறைந்திருக்கும் அழற்சி ஆகியவற்றை அளந்து, அவற்றைக் கூட்டிக் கணக்கிட்டு, 'உங்கள் வயது ஐம்பது. உங்கள் உடலின் வயது என்ன?' என்ற கேள்விக்குப் பதில் சொல்வதாக அவை கூறிக்கொள்கின்றன. சிலவற்றில் முடிவு சில நிமிடங்களில் வீட்டிலேயே தெரியும். சிலவற்றில் ரத்தத்தை ஓர் அட்டையில் தோய்த்து, உலர்த்தி, சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும்.

பணமும் ஓய்வும் உள்ளவர்களின் பொழுதுபோக்கு இது என்று ஒதுக்கிவிட முடியாது. இவற்றின் விளம்பரங்கள் தாராவியிலும் டோம்பிவிலியிலும் உள்ள கைப்பேசிகளுக்கும் வந்து சேர்கின்றன. இருபது வயதில் ஒரு டிரங்குப் பெட்டியோடு தாதரில் வந்து இறங்கியவர்களில் பலர் இன்று அறுபதை எட்டியிருக்கிறார்கள். உடல் உழைப்பு ஒன்றே முதலாக இருந்தவர்களுக்கு அந்த முதல் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆவல் ஏற்படுவது இயற்கை. ஆகவே இந்தப் பெட்டிகளால் நமக்கு என்ன பயன், எந்த இடத்தில் ஏமாறக்கூடும் என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்பது நல்லது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தெரிந்துகொள்ள விரும்புவது நல்ல குணம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில், சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றின் தலைமையில், 2008 முதல் 2020 வரை நாடு முழுவதும் 1,13,043 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவுகள் 2023ல் வெளியாயின. நாட்டில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது, மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள் என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது. வயது வந்தவர்களில் 100க்கு 35 பேருக்கு மேல் ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் என்றும் அது கண்டது. இந்த இரண்டு வியாதிகளும் ஆரம்பத்தில் வலி தருவதில்லை; வேலையைத் தடுப்பதில்லை. பலருக்குப் பக்கவாதம் வந்த பிறகே ரத்தக் கொதிப்பு இருந்தது தெரிகிறது. புண் ஆறாமல் கால்விரலை எடுக்க நேரும்போதே சர்க்கரை இருந்தது தெரிகிறது. விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது மயங்கி விழுந்து, அங்கே சோதித்ததில்தான் தெரிய வந்தது என்று சொல்பவர்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை.

விரல்நுனி ரத்தத்தை நம்பலாமா என்று சிலர் கேட்கிறார்கள். விரல்நுனி ரத்தம் மருத்துவத்துக்குப் புதிதன்று. 1958ல் தேசிய மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கிய பின், சுகாதார ஊழியர் வீடு வீடாக வந்து, காய்ச்சல் கண்டவரின் விரலில் குத்தி, கண்ணாடித் தகட்டில் ரத்தம் தடவி எடுத்துக்கொண்டு, சுவரில் தேதி எழுதிவிட்டுப் போனது நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அமெரிக்காவில் ராபர்ட் கத்ரி என்ற மருத்துவ விஞ்ஞானி, பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தை ஓர் அட்டையில் உலரவைத்துப் பிறவிக் கோளாறு ஒன்றைக் கண்டுபிடிக்கும் முறையை 1963ல் வெளியிட்டார். அதனால் எத்தனையோ குழந்தைகள் மூளை வளர்ச்சி குன்றாமல் காப்பாற்றப்பட்டிருக்கின்றன. எந்தக் கேள்விக்கு எந்த முறை தகுந்தது என்று பல காலம் சோதித்துப் பார்த்து ஏற்கப்பட்டவை இவை. ஊழியரும் குழந்தை மருத்துவரும் பின்னால் நின்றார்கள். தகட்டில் மலேரியா தெரிந்தால் மருந்து வீட்டுக்கு வந்தது.

எந்தக் கேள்வியையும் ஒரு சொட்டு ரத்தத்திடம் கேட்கலாம் என்று நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2003ல் அமெரிக்காவில் எலிசபெத் ஹோம்ஸ் என்ற இளம்பெண் தெரானோஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். விரல்நுனியிலிருந்து எடுக்கும் சில சொட்டு ரத்தத்தைக் கொண்டு ஏராளமான பரிசோதனைகளைச் செய்யும் இயந்திரம் தம்மிடம் இருப்பதாகச் சொன்னார். பெரிய மனிதர்கள் கோடி கோடியாகப் பணம் போட்டார்கள். 2015ல் ஒரு நாளிதழ் அந்த இயந்திரத்தின் வண்டவாளத்தை வெளியிட்டது. 2016ல் அந்தக் கம்பெனி தன் இயந்திரம் இரண்டு ஆண்டுகளாகக் கொடுத்த முடிவுகளையே ரத்து செய்ய நேர்ந்தது. 2018ல் கம்பெனி கலைந்தது. 2022 ஜனவரியில் முதலீட்டாளர்களை மோசம் செய்ததாக ஹோம்ஸ் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, அதே ஆண்டு நவம்பரில் 11 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. முதலீட்டாளர்கள் பணத்தை இழந்தார்கள். தவறான முடிவை நம்பி மருந்து மாற்றிக்கொண்ட நோயாளிகள் இழந்தது அதைவிடப் பெரிது.

அந்த ஒரு கம்பெனியின் மோசடியோடு இந்த விஷயம் முடிந்துவிடவில்லை. விரல்நுனியில் வருவது நுண்ணிய குழாய்களின் ரத்தம். கையின் நரம்பிலிருந்து ஊசிக்குழாயில் எடுப்பதுபோல் அது சீராக இருப்பதில்லை. விரலை அழுத்திப் பிழிந்தால் தசையிலுள்ள நீரும் அதனுடன் கலந்துவிடுகிறது. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2015ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். ஒரே விரலில் அடுத்தடுத்து எடுத்த சொட்டுகளில் ஹீமோகுளோபின் அளவும் அணுக்களின் எண்ணிக்கையும் கணிசமாக மாறுபட்டன. நரம்பு ரத்தத்துக்குச் சமமான சீரான முடிவு கிடைக்க ஆறு முதல் ஒன்பது சொட்டுகளின் சராசரியை எடுக்க வேண்டியிருந்தது. ஒரு சொட்டைக் கொண்டு பல முடிவுகளைச் சொல்கிறோம் என்பவர்களிடம் இந்த ஆராய்ச்சியைக் காட்டிக் கேள்வி கேட்கலாம்.

நமக்குப் பழக்கமான குளுக்கோமீட்டரையே எடுத்துக்கொள்வோம். 2013ல் வகுக்கப்பட்ட சர்வதேசத் தர அளவுப்படி, 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள சர்க்கரை அளவுகளில், நூறு முறை சோதித்தால் 95 முறையாவது சோதனைக்கூட முடிவிலிருந்து 15 சதவீதத்துக்குள் வித்தியாசம் இருந்தால் போதும். வெறும் வயிற்றில் 126 என்பது சர்க்கரை வியாதிக்கு வரையறுத்த கோடு. உண்மையில் 126 உள்ள ஒருவருக்கு இந்தச் சாதனம் 107 காட்டினாலும், 145 காட்டினாலும் அதைப் பழுதான சாதனம் என்று சொல்ல முடியாது. ஏற்கனவே வியாதி உள்ளவர் மருந்து வேலை செய்கிறதா, இன்று அதிகமா குறைவா என்று பார்த்துக்கொள்ள இந்தத் துல்லியம் போதுமானது. எனக்கு வியாதி உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல இது போதாது. அதற்குச் சோதனைக்கூடத்தில் நரம்பு ரத்தம் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

மூன்று மாதச் சர்க்கரை எனப்படும் எச்.பி.ஏ.1சி பரிசோதனை நல்ல பரிசோதனைதான். ரத்தத்தின் சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் உயிர் வாழ்பவை. அந்தக் காலத்தில் அவற்றில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதை அது காட்டுகிறது. 5.7க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 6.5ம் அதற்கு மேலும் என்றால் சர்க்கரை வியாதி. ஆனால் சிவப்பணுக்களே சரியில்லாதவருக்கு இந்தக் கணக்கு பிசகும். இரும்புச் சத்துக் குறைவினால் சோகை உள்ளவர்களுக்கு இந்த எண் உண்மைக்கு மேல் காட்டக்கூடும். ரத்தப்போக்கு உள்ளவர்களுக்குக் குறைத்துக் காட்டக்கூடும். 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினரும், அதே வயது ஆண்களில் 25 சதவீதத்தினரும் சோகை உள்ளவர்கள். நமது வீடுகளில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு, ஹீமோகுளோபின் பார்க்காமல் இந்த எண்ணை மட்டும் பார்ப்பது அரைகுறைக் கணக்கு என்பது இதிலிருந்து விளங்கும்.

அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற பரிசோதனையும் இந்தப் பெட்டிகளில் சேர்க்கப்படுகிறது. இருதய நோய் அபாயத்தை மதிப்பிடுவதில் மருத்துவர்கள் இதையும் ஒரு துணைச் சாட்சியாகக் கொள்கிறார்கள். 1க்குக் கீழே நல்லது, 3க்கு மேல் அபாயம் அதிகம் என்பது கணக்கு. ஆனால் சளி, காய்ச்சல், பல்வலி, காலில் சேற்றுப்புண் எது இருந்தாலும் இந்த எண் ஏறிவிடும். 10க்கு மேல் காட்டினால் உடம்பு குணமான பிறகு மறுபடி பார் என்பதுதான் மருத்துவ விதி. முழங்கால் தண்ணீரில் நடந்து வேலைக்குப் போகும் மும்பை மழைக்காலத்தில் இதைச் சோதித்துவிட்டு இருதயம் கெட்டுவிட்டது என்று பயப்படுவது வீண்.

இனி 'உடலின் வயது' என்ற விஷயத்துக்கு வருவோம். இது வெறும் கட்டுக்கதை அன்று. 2013ல் ஸ்டீவ் ஹோர்வாத் என்ற விஞ்ஞானி, மனித மரபணுப் பொருளில் 353 இடங்களில் காணும் இரசாயனக் குறிகளைக் கொண்டு ஒருவரது வயதைக் கணிக்கலாம் என்று காட்டினார். 2018ல் மார்கன் லெவின் என்பவரும் அவரது குழுவினரும் சர்க்கரை, சி.ஆர்.பி., கிரியேட்டினின், அல்புமின், வெள்ளணு எண்ணிக்கை முதலிய ஒன்பது சாதாரண ரத்தப் பரிசோதனைகளை வைத்து ஒரு கணக்கை வகுத்தார்கள். அந்தக் கணக்கிலும் பத்தாவதாக ஒருவரது உண்மை வயதையே சேர்க்க வேண்டியிருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்த்து, எந்தப் பழக்கம் முதுமையை விரைவுபடுத்துகிறது என்று ஆராய்பவர்களுக்கு இவை மிகவும் பயன்படுகின்றன.

தனி ஒருவருக்கு இந்த எண் எவ்வளவு பயன்படும் என்பதில்தான் சிக்கல். மரபணுக் குறிகளைக் கொண்டு கணக்கிடும் முறைகளில், ஒரே ரத்த மாதிரியை இரண்டு முறை சோதித்தால்கூடச் சில சமயம் ஒன்பது ஆண்டுகள்வரை வித்தியாசம் வருகிறது என்று 2022ல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. இந்தக் குறையைத் திருத்தும் வழிகளையும் அந்த ஆராய்ச்சியாளர்களே கூறியிருக்கிறார்கள். ஆனாலும் கடையில் வாங்கும் பெட்டி எந்த வழியைப் பின்பற்றுகிறது என்று வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? மேலும், உடலின் வயது அறுபது என்று காட்டினால் செய்ய வேண்டியது என்ன? புகையிலையை விட வேண்டும், உப்பையும் எண்ணெயையும் குறைக்க வேண்டும், நடக்க வேண்டும், நேரத்தில் தூங்க வேண்டும், கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். நாற்பது என்று காட்டினாலும் செய்ய வேண்டியது இதுவேதான். பதில் எதுவானாலும் செய்ய வேண்டியது மாறவில்லை என்றால், அந்தக் கேள்விக்குப் பல ஆயிரம் ரூபாய் கொடுப்பது சரிதானா என்று குடும்பஸ்தர்கள் யோசிக்க வேண்டும்.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. தனியார் கம்பெனியில் குமாஸ்தாவாக இருக்கும் 52 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் டோம்பிவிலியிலிருந்து காலை லோக்கலில் தொங்கிக்கொண்டு வந்து, நாள் முழுவதும் நாற்காலியில் இருந்துவிட்டு, இரவு ஒன்பதுக்கு வீடு சேர்பவர். போனஸ் பணத்தில் ஒரு பெட்டி வாங்கிச் சோதிக்கிறார். உடலின் வயது 46 என்று வருகிறது. மனைவியிடமும் அலுவலகத்திலும் சொல்லிச் சந்தோஷப்படுகிறார். அவரது ரத்தக் கொதிப்பு 170க்கு 100 என்று இருக்கலாம். விரல்நுனி ரத்தம் அதைக் காட்டாது. இந்த நாட்டில் மூன்றில் ஒருவருக்கு உள்ள அபாயத்தை அளக்காமலே அவருக்கு நற்சான்று கொடுத்துவிட்டது அந்தப் பெட்டி. அடுத்த ஓராண்டு அவர் எந்த டாக்டரிடமும் போகமாட்டார். பெட்டி வாங்காத அவரது பக்கத்து இருக்கைக்காரர், ஏதோ சந்தேகத்தில் முனிசிபல் மருத்துவமனைக்குப் போய்க் கொதிப்பு பார்த்துக்கொண்டால் அவரைவிடப் பத்திரமாக இருப்பார்.

முதுமையை நல்லபடியாகக் கடக்கிறோமா என்று அறிய, குத்தலும் செலவும் இல்லாத அளவைகள் சில இருக்கின்றன. கொதிப்பு 140க்கு 90 என்பதற்குக் கீழே இருக்கிறதா? ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, வேறு வேறு நாட்களில் பார்த்திருக்க வேண்டும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் உட்பட்டிருக்கிறதா? தையற்கடை டேப் போதும். கையின் பிடிப்பு தளர்ந்திருக்கிறதா? இந்தியா உள்ளிட்ட 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரைச் சராசரியாக நான்கு ஆண்டுகள் கவனித்த ஓர் ஆய்வு 2015ல் வெளியாயிற்று. பிடிப்பின் வலு ஒவ்வொரு 5 கிலோ குறையும்போதும் மரண அபாயம் 16 சதவீதம் கூடுவதாக அது கண்டது. சென்ற ஆண்டு தூக்கிய தண்ணீர்க் குடத்தை இந்த ஆண்டு தூக்க முடியவில்லை, சென்ற ஆண்டு மூச்சு வாங்காமல் ஏறிய ஸ்டேஷன் பாலத்தில் இந்த ஆண்டு பாதியில் நிற்க வேண்டியிருக்கிறது என்றால் அது எந்தப் பெட்டியும் சொல்வதைவிட முக்கியமான செய்தி. பாலம் ஏறும்போது நெஞ்சை அடைத்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

இப்படிச் சொல்வதால் வீட்டில் இருக்கும் சாதனத்தைத் தூக்கி எறிய வேண்டும் என்பது நமது கருத்தன்று. சர்க்கரை உள்ளவர்களுக்கு, குறிப்பாக இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு அது உயிர்காக்கும் பொருள். அதைச் சரியாகப் பயன்படுத்த வேண்டும். முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொள்ள வேண்டும். பழம் உரித்த கையைக் கழுவாமல் சோதித்தால், சர்க்கரை இல்லாதவருக்கும் சர்க்கரை காட்டுகிறது, ஸ்பிரிட்டினால் துடைப்பதுகூடப் போதவில்லை என்று ஜப்பானியர்கள் 2011ல் காட்டியிருக்கிறார்கள். மாம்பழக் காலத்தில் இதை மறக்கக்கூடாது. விரலின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்த வேண்டும். கையைத் தொங்கவிட்டுச் சற்று நீவிவிட்டால் ரத்தம் தானே வரும், பிழியக்கூடாது. ஸ்ட்ரிப் டப்பாவின் மூடியைத் திறந்து வைத்தால் ஈரக்காற்றில் ஸ்ட்ரிப் கெட்டுவிடும். டப்பாவின் மேல் உள்ள காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் குத்திய ஊசியை இன்னொருவர் உபயோகிக்கக்கூடாது. ஊசி மட்டுமல்ல, அதை வைத்துக் குத்தும் பேனாவும் ஆளுக்கு ஒன்றாக இருக்க வேண்டும். மஞ்சள்காமாலையை உண்டாக்கும் ஹெப்படைடிஸ்-பி கிருமி இப்படிப் பரவியிருக்கிறது. ஒரே அறையில் பத்துப் பேர் தங்கியிருக்கும் இடங்களில் 'எனக்கும் ஒரு குத்துக் குத்து' என்று கேட்பது வழக்கம். அதை உறுதியாக மறுக்க வேண்டும்.

பார்த்த எண்ணைத் தேதி, நேரம், சாப்பிட்டு எத்தனை நேரம் என்ற விவரத்துடன் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். டாக்டருக்கு ஒரு நாள் எண்ணைவிட இந்த நோட்டு அதிகம் உதவும். எண் கூடியிருக்கிறது என்று தாமாகவே மாத்திரையைக் கூட்டுவதும், குறைந்திருக்கிறது என்று நிறுத்துவதும் பெரிய தவறு.

ஊரிலிருக்கும் தாய் தந்தையருக்கு இந்தச் சாதனங்களை வாங்கி, நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் போகும் உறவினர் கையில் கொடுத்தனுப்புகிறவர்கள் பலர். அந்தப் பாசத்தை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கண் மங்கிய எழுபது வயதுத் தாய் தன்னந்தனியாக விரலில் குத்தி எண்ணைப் படித்துப் பயந்துகொண்டிருப்பதில் என்ன லாபம்? தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், ஊழியர்கள் வீட்டுக்கே வந்து கொதிப்பும் சர்க்கரையும் பார்த்து மாத்திரையும் கொடுக்க வேண்டும் என்ற நோக்கத்துடன் வகுக்கப்பட்டது. அம்மாவுக்குப் பெட்டி அனுப்புமுன், அந்த ஊழியர் வீட்டுக்கு வருகிறாரா, அம்மாவின் பெயர் அவரிடம் பதிவாகியிருக்கிறதா என்று ஒரு போன் செய்து விசாரிப்பது மேல்.

மும்பையிலேயே நாம் பயன்படுத்தத் தவறும் வசதிகளும் இருக்கின்றன. 30 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் சர்க்கரை, கொதிப்பு, சில வகைப் புற்றுநோய்கள் ஆகியவற்றை இலவசமாகச் சோதிப்பது தேசியத் திட்டம். 2022ல் மும்பை மாநகராட்சி தொடங்கிய 'ஆப்லா தவாகானா' மருந்தகங்களில் ரத்தப் பரிசோதனைகளுக்குக் கட்டணம் வாங்குவதில்லை. சயான், கே.இ.எம்., நாயர் மருத்துவமனைகள் நமக்குப் புதியவையல்ல. இ.எஸ்.ஐ. சந்தா பிடிக்கப்படுபவர்கள் அதன் மருத்துவமனையில் தங்கள் உரிமையைக் கேட்டுப் பெறலாம். மேலும் 2025 நவம்பர் 21ந் தேதி நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தபோது, 40 வயதுக்கு மேற்பட்ட தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கொருமுறை இலவச உடல் பரிசோதனை செய்வது முதலாளியின் பொறுப்பு என்று மத்திய அரசு அறிவித்தது. இது எத்தனை பட்டறைகளில் தெரியும்? ஒவ்வொருவரும் தம் தம் இடத்தில் கேட்டுப் பார்க்க வேண்டிய விஷயம் இது. 'கான்ட்ராக்டரிடம் கேள்' என்று கம்பெனியும், 'கம்பெனியைக் கேள்' என்று கான்ட்ராக்டரும் கைகாட்டும் நிலையில் சங்கங்கள் தலையிட வேண்டும்.

பரிசோதனைப் பெட்டிகளைப் பற்றிய நமது பெரிய கவலை இங்கேதான் இருக்கிறது. டாக்டரைக் கூப்பிட்டு, அரை நாள் சம்பளத்துடன் தொழிலாளியை அனுப்பிச் சோதிப்பதைவிட, ஆளுக்கு ஒரு பெட்டியைக் கையில் கொடுத்து 'பரிசோதனை ஆயிற்று, கையெழுத்துப் போடு' என்று சொல்வது நிர்வாகத்துக்கு மலிவு. கொதிப்பு பார்க்காத, கண் பார்க்காத, நெஞ்சில் குழல் வைத்துக் கேட்காத பரிசோதனை பரிசோதனையாகாது. தோல் பட்டறையிலும் சாயப் பட்டறையிலும் வேலை செய்பவரின் நுரையீரலையும் தோலையும் விரல்நுனி ரத்தம் காட்டாது. அப்படிப்பட்ட பெட்டியைக் கடமைக்கு ஈடாக ஏற்கக்கூடாது என்று தொழிலாளர் துறை தெளிவாக உத்தரவிட வேண்டும்.

அடுத்தது, அந்த எண்கள் யார் கைக்குப் போகின்றன என்பது. பல பெட்டிகள் கைப்பேசியோடு இணைந்தவை. முடிவு கம்பெனியின் கணக்கில் பதிவாகிறது. 'உடல் வயது அறுபது' என்று பதிவான ஐம்பது வயதுத் தொழிலாளியை, ஆட்குறைப்பு வரும்போது முதலாளி எப்படிப் பார்ப்பார்? இன்ஷூரன்ஸ் கம்பெனி எப்படிப் பார்க்கும்? ஒருவரது சொந்த விவரங்களைப் பாதுகாக்க 2023ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியிருக்கிறது. ரத்தப் பரிசோதனை முடிவுகள் சம்பந்தப்பட்டவரின் மனப்பூர்வமான சம்மதமின்றி முதலாளிக்கோ இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கோ போகாமல் காப்பதில் அந்தச் சட்டம் பயன்பட வேண்டும். படிக்காத நிபந்தனைகளுக்கு விரலால் தட்டிச் சம்மதம் கொடுப்பதில் நாமும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

2020 ஏப்ரல் முதல் மருத்துவச் சாதனங்கள் எல்லாம் மருந்துச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டுவிட்டன. ஆகவே கட்டுப்படுத்த அதிகாரம் இல்லை என்று அரசு சொல்ல முடியாது. ஒவ்வொரு பெட்டியின் மீதும் முடிவில் எவ்வளவு பிசகு வரலாம், எந்த நிலையில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது, எந்த எண்ணுக்கு மேல் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்ற மூன்று விவரங்களையும் பெரிய எழுத்தில், மக்களுக்குப் புரியும் மொழிகளில் அச்சிட வேண்டும் என்று விதி செய்யலாம். சான்றில்லாமல் 'உடல் வயதைக் குறைக்கிறோம்' என்று மாத்திரையையும் பொடியையும் கூடவே விற்பவர்கள்மீது நடவடிக்கை எடுக்க வேண்டும். பயமுறுத்தும் எண்ணைக் கொடுப்பவரே பரிகாரத்தையும் விற்றால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மும்பை மாநகராட்சியிடம் கேட்க வேண்டியதும் உண்டு. தமிழ்வழிப் பள்ளிகளை நடத்திவரும் மாநகராட்சிக்கு, பரிசோதனை முடிவை விளக்கும் ஒரு தாளைத் தமிழிலும் அச்சிட்டுக் கொடுப்பது பெரிய காரியமன்று. தினக்கூலிக்காரர் காலை பத்து மணிக்கு வரிசையில் நின்றால் அன்றைய கூலி போயிற்று. தமிழர் நெருங்கி வாழும் தாராவி, சயான் கோலிவாடா போன்ற இடங்களில் ஞாயிறு காலையில் பரிசோதனை நடந்தால் வருபவர்கள் பன்மடங்கு பெருகுவார்கள்.

நமது சங்கங்களும் கோயில் கமிட்டிகளும் ஆண்டுக்கு ஒரு நாள் முகாம் நடத்திப் போட்டோ எடுத்துக்கொள்வதோடு நின்றுவிடக்கூடாது. நல்ல கொதிப்பு மானி ஒன்று வாங்கி வைத்து, பயிற்சி பெற்ற ஒரு செவிலியரைக் கொண்டு மாதம் ஒரு ஞாயிறு பார்த்து, அளவு கூடியவர்களின் பெயரைக் குறித்துக்கொண்டு, அடுத்த மாதம் 'டாக்டரிடம் போனீர்களா?' என்று கேட்டால் போதும். அதற்கு ஆகும் செலவு, ஒரு விழாவில் ஒலிபெருக்கிக்கு ஆகும் செலவைவிட அதிகமிராது.

ஒரு சொட்டு ரத்தம் ஒரு கேள்வியை எழுப்பும். அதற்குப் பதில் சொல்ல டாக்டர் வேண்டும். அவரிடம் போக நேரமும் கூலியும் வேண்டும். எழுதிக் கொடுக்கும் மருந்தைத் தொடர்ந்து வாங்க வழி வேண்டும். இவை இல்லாத இடத்தில் எண் மட்டும் தெரிவதால் பயமோ வீண் தைரியமோதான் மிஞ்சும். பெட்டி வாங்க எண்ணியிருக்கும் வாசகர்கள் அந்தப் பணத்தைச் செலவிடுமுன் இந்த வாரத்திலேயே அருகிலுள்ள முனிசிபல் மருந்தகத்துக்குச் சென்று கொதிப்பும் சர்க்கரையும் ஹீமோகுளோபினும் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டிலுள்ள பெண்களையும் அழைத்துப் போக வேண்டும். சந்தேகம் இருந்தால் மறுபடி போக வேண்டும். ஊரைவிட்டு இத்தனை தூரம் வந்து உழைப்பவர்கள், உழைத்த பலனை அனுபவிக்க உடம்போடு ஊர் திரும்ப வேண்டும் என்பதே நமது விருப்பம்.